மென்பொருள் நிறுவும் முன் சூழல் மாறிகளை அமைப்பது எப்படி: டெர்மினலில் படிப்படியாக

சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துச் சமூக மன்ற அறையில் நான்கைந்து பேர் மடிக்கணினியோடு உட்காருவோம். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் வருவார்கள், வேலை மாறப் படிக்கும் பெரியவர்களும் வருவார்கள். நிரல் எழுதுவதில் யாரும் அழுததில்லை. நிறுவும் இடத்தில்தான் கண் கலங்குகிறது, அதிலும் சூழல் மாறிகளைத் தொடும்போது. சூழல் மாறி என்பது, நிரல்கள் ஓடும்போது படித்துக்கொள்ளும் பெயரிட்ட ஒரு மதிப்பு.

பார்த்தவரை தவறு ஒரே மாதிரிதான் நடக்கிறது. எடுத்த எடுப்பிலேயே ஷெல்லின், அதாவது டெர்மினலில் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலின், அமைப்புக் கோப்பைத் திறந்து ஏதோ ஒரு வரியை எழுதிவிடுகிறார்கள். கோப்பு கடைசியில் வர வேண்டியது. முதலில் ஒரு ஜன்னலில் மட்டும் அமைத்து, சரிபார்த்து, வேலை செய்கிறது என்று கண்ணால் கண்ட பிறகுதான் எழுத வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. உதாரணத்துக்கு ஜாவா 21, ஜாவா நிரல்களைக் கட்டியெழுப்பும் கருவியான மேவன் இரண்டையும் வீட்டு ஃபோல்டரில் நிறுவுவோம். மேக், உபுண்டு, விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ் மூன்றுக்கும் இது பொருந்தும்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில் நீங்களே அடிக்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. சாட் செயலியிலோ ஆவணச் செயலியிலோ இருந்து நகலெடுத்து ஒட்டினால் நேரான மேற்கோள்குறி வளைந்த மேற்கோள்குறியாக மாறிவிடும். ஷெல்லுக்கு வளைந்த குறி வெறும் எழுத்துதான், அதனால் பாதை பாழாகும். கையால் அடிக்கும்போது இடைவெளி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று கண் கவனிக்கும். ஜாவா_ஹோம், பாத், ஹோம், டிஇசட் ஆகிய மாறிப் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்து. கட்டளைகள் முழுக்கச் சிறிய எழுத்து.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

உங்கள் சிப் எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். யூநேம் என்ற கட்டளையை ‘-எம்’ சேர்த்து அடியுங்கள். ‘எக்ஸ்86_64’ என்று வந்தால் இன்டெல், ஏஎம்டி வகை. ‘ஏஆர்எம்64’ அல்லது ‘ஏஏஆர்ச்64’ என்று வந்தால் ஆர்ம் வகை. ஆப்பிளின் எம் வரிசை மேக்குகள் இதில் சேரும். தவறான வகையை இறக்கிவிட்டால், பாதையை எவ்வளவு சரியாக அமைத்தாலும் நிரல் ஓடாது. நீங்களோ பாதையில்தான் பிழை என்று ஒரு மணி நேரம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து, வீட்டு ஃபோல்டருக்குள் ஆப்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். இறக்கிய ஜாவாவையும் மேவனையும் அதற்குள் பிரித்து வையுங்கள். பிரித்ததும் ஜாவாவின் ஃபோல்டர் பெயரை ஜேடிகே-21 என்றும், மேவனுடையதை மேவன் என்றும் சுருக்கி மாற்றுங்கள். நீளமான பதிப்பு எண்ணோடு விட்டால், அடுத்த சிறு புதுப்பிப்பின்போது எழுதி வைத்த பாதை எல்லாம் செத்துப்போகும்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். என்றாவது ஒருநாள் அதைச் சுத்தம் செய்வீர்கள்.

2. எந்த ஷெல்லில் இருக்கிறீர்கள்

எக்கோ $0 என்று அடியுங்கள். பேஷ் என்றோ இசட்ஷெல் என்றோ பதில் வரும். முன்னால் ஒரு சிறு கோடு இருந்தால் அது லாகின் ஷெல், அதாவது கணக்குக்குள் நுழையும்போது தொடங்கும் வகை, பயப்பட ஒன்றுமில்லை. 2019இல் வந்த கேட்டலீனா பதிப்பிலிருந்து மேக்கில் புதிய கணக்குகளுக்கு இசட்ஷெல்தான் இயல்பு. உபுண்டுவில் பேஷ்.

பலர் எக்கோ $ஷெல் என்று அடித்துப் பார்க்கிறார்கள். அது உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய ஷெல்லைத்தான் சொல்லும். நீங்கள் இப்போது வேறொரு ஷெல்லுக்குள் நுழைந்திருந்தால் அது காட்டாது. எந்தக் கோப்பில் எழுதப் போகிறோம் என்பது இந்தப் பதிலை வைத்துத்தான், அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

3. மாறி எங்கே வாழ்கிறது: கடிகாரத்தை வைத்து ஒரு பயிற்சி

இதை நான் எல்லாருக்கும் முதலில் செய்து காட்டுவேன். எதையும் கெடுக்காது, பலன் உடனே கண்ணுக்குத் தெரியும்.

டேட் என்று அடியுங்கள். சிங்கப்பூர் நேரம் வரும். இப்போது ஒரே வரியில் இப்படி அடியுங்கள்:

டிஇசட்=ஏஷியா/கொல்கத்தா டேட்

ஏஷியா, கொல்கத்தா இரண்டிலும் முதல் எழுத்து மட்டும் பெரியது. இரண்டரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். ஊரில் அம்மாவுக்கு இப்போது என்ன நேரமோ அது. மறுபடி வெறும் டேட் அடித்தால் சிங்கப்பூர் நேரமே திரும்பிவிடும். கட்டளைக்கு முன்னால் ஒட்டிய மாறி, அந்த ஒரு கட்டளைக்கு மட்டும்தான்.

இப்போது டிஇசட்=ஏஷியா/கொல்கத்தா என்று மட்டும் தனி வரியில் அடித்து என்டர் தட்டுங்கள். எக்கோ $டிஇசட் அடித்தால் மதிப்பு தெரியும். ஆனால் டேட் இன்னமும் சிங்கப்பூர் நேரத்தையே காட்டும். இங்கே எல்லாரும் ஒரு கணம் திகைப்பார்கள். மாறி ஷெல்லுக்குள் இருக்கிறது, ஆனால் ஷெல் அதைத் தான் தொடங்கும் நிரலுக்குக் கொடுக்கவில்லை. எக்ஸ்போர்ட் டிஇசட் என்று அடித்த பிறகு டேட் அடியுங்கள், நேரம் மாறிவிடும். எக்ஸ்போர்ட் என்ற சொல்லின் முழு வேலையும் அதுதான்: இந்த ஷெல்லிலிருந்து பிறக்கும் நிரல்களுக்கு மாறியைக் கைமாற்றுவது.

இதே நேரத்தில் இன்னொரு டெர்மினல் ஜன்னல் திறந்து டேட் அடித்தால் சிங்கப்பூர் நேரம்தான். மாறி கீழே பிறக்கும் நிரலுக்குப் போகும். பக்கத்து ஜன்னலுக்கும் போகாது, தன்னைப் பெற்ற ஷெல்லுக்கும் ஏறாது. ‘நான் அமைத்தேனே, ஏன் அங்கே இல்லை’ என்ற கேள்விகளில் முக்கால்வாசிக்கு இதுதான் பதில்.

கொல்கத்தாவில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்துப் பாருங்கள். பிழைச் செய்தி வராது. எட்டு மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம் சத்தமில்லாமல் வந்து நிற்கும். மதிப்பு சரியா என்று ஷெல் சோதிப்பதில்லை. படிக்கும் நிரல்தான் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும், அதுவும் எப்போதும் கவலைப்படுவதில்லை. அதனால்தான் பின்னால் ஒவ்வொரு மாறியையும் அமைத்த கையோடு சோதிக்கச் சொல்கிறேன்.

முடிந்ததும் அன்செட் டிஇசட் அடித்து நீக்கிவிடுங்கள்.

4. ஜாவா_ஹோமை ஒரு ஜன்னலுக்கு மட்டும் அமைத்தல்

லினக்ஸில்:

எக்ஸ்போர்ட் ஜாவா_ஹோம்="$ஹோம்/ஆப்ஸ்/ஜேடிகே-21"

மேக்கில் ஜேடிகே-21க்குப் பிறகு /கன்டென்ட்ஸ்/ஹோம் என்றும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் மேக்குக்கான ஜாவா இன்னும் இரண்டு ஃபோல்டர் உள்ளே இருக்கிறது. அங்கே வரும் கன்டென்ட்ஸ், ஹோம் இரண்டிலும் முதல் எழுத்து மட்டும் பெரியது, டாலர் குறியும் கிடையாது.

இந்த ஒரு வரியில் நான்கு இடத்தில் வழுக்கலாம்.

சமன்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக் கூடாது. விட்டால் ஷெல் மாறிப் பெயரை ஒரு கட்டளை என்று நினைத்துத் தேடும், அல்லது சமன்குறியைப் பார்த்து ‘இது செல்லாத பெயர்’ என்று சொல்லும்.

இரட்டை மேற்கோள் போடுங்கள், ஒற்றை வேண்டாம். ஒற்றை மேற்கோளுக்குள் டாலர் குறி செயல்படாது. $ஹோம் என்ற எழுத்துகளே மதிப்பாகப் போய் உட்காரும். மேற்கோள் இல்லாமலேயே விட்டாலும் பல நேரம் வேலை செய்யும், ஆனால் பாதையில் ஓர் இடைவெளி வந்த நாளில் உடைந்துவிடும். வீட்டு ஃபோல்டருக்கு அலைக்குறி (~) போடும் பழக்கம் உள்ளவர்கள் கவனியுங்கள், மேற்கோளுக்குள் அலைக்குறி விரியாது. $ஹோம் என்றே எழுதுங்கள்.

பாதை ‘பின்’ என்ற பெயருள்ள ஃபோல்டரோடு முடியக் கூடாது. ஜாவா_ஹோம் என்பது ஜாவாவின் வீடு. ஓட்டும் நிரல்கள் இருக்கும் ‘பின்’ அதில் ஓர் அறை. மேவன் தானாகவே அந்த வீட்டுக்குள் பின்னைத் தேடிப் போகும். நீங்கள் பின் வரை எழுதிவிட்டால் அது பின்னுக்குள் இன்னொரு பின்னைத் தேடி, ஜாவா_ஹோம் சரியாக வரையறுக்கப்படவில்லை என்று நின்றுவிடும்.

கடைசியாக, பெரிய எழுத்து, சிறிய எழுத்து. ஜாவா_ஹோமைச் சிறிய எழுத்தில் அடித்தால் அது வேறொரு மாறி.

உடனே சோதியுங்கள்:

"$ஜாவா_ஹோம்/பின்/ஜாவா" -வெர்ஷன்

பதிப்பு எண் 21 என்று தொடங்கி வந்தால் சரி. அப்படிக் கோப்பு இல்லை என்று வந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டாம், ஃபோல்டரில் உள்ளதைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை வைத்துப் பாதையை ஒவ்வொரு ஃபோல்டராக நடந்து பாருங்கள்.

5. பாத் மாறி: சேர்க்க வேண்டும், மாற்றக் கூடாது

நீங்கள் ஒரு கட்டளையின் பெயரை அடிக்கும்போது ஷெல் அதை எங்கே தேடுவது என்ற பட்டியல்தான் பாத். ஃபோல்டர்கள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டிருக்கும், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு புள்ளி. இடமிருந்து தேடிக்கொண்டு போய், முதலில் கிடைப்பதை ஓட்டிவிடும். விண்டோஸில் பிரிக்கும் குறி வேறு, அரைப்புள்ளி. இணையத்தில் கிடைக்கும் விண்டோஸ் வரியை இங்கே கொண்டுவராதீர்கள்.

எக்ஸ்போர்ட் பாத்="$ஜாவா_ஹோம்/பின்:$ஹோம்/ஆப்ஸ்/மேவன்/பின்:$பாத்"

கடைசியில் உள்ள $பாத் என்பதுதான் உயிர். பழைய பட்டியல் அப்படியே அங்கே வந்து சேர்கிறது. நம்முடையதை முன்னால் வைத்ததற்குக் காரணம், கணினியில் ஏற்கெனவே பழைய ஜாவா இருந்தால் நம்முடையது முந்த வேண்டும் என்பது.

ஒரு மாணவர் அந்த $பாத்தை மறந்து கோப்பிலும் எழுதிச் சேமித்துவிட்டு வந்தார். ஜூரோங்கிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முயன்றிருக்கிறார். “அண்ணே, எல்எஸ் கூட வரமாட்டேங்குது, லேப்டாப் போச்சுன்னு நினைக்கிறேன்” என்றார். முகம் வெளுத்திருந்தது. திரையில் எது அடித்தாலும் ‘கட்டளை கிடைக்கவில்லை’. புது ஜன்னல் திறந்தாலும் அதேதான், ஏனென்றால் ஒவ்வொரு புது ஜன்னலும் அந்தக் கோப்பைப் படித்துத்தான் பிறக்கிறது.

கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்எஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஷெல்லுக்கு வழி மட்டும் மறந்துவிட்டது. அவரை இதை அடிக்கச் சொன்னேன்:

எக்ஸ்போர்ட் பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின்:/யூஎஸ்ஆர்/எஸ்பின்:/எஸ்பின்

எக்ஸ்போர்ட், எக்கோ, சிடி மூன்றும் ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை. அவற்றுக்குப் பாத் தேவையில்லை, அதனால்தான் இந்த வரி அந்த நிலையிலும் வேலை செய்யும். அடித்ததும் எல்எஸ் வந்தது, டெர்மினலிலேயே கோப்பைத் திருத்தும் நானோ வந்தது, கோப்பைத் திறந்து தவறான வரியைத் திருத்தினார். இந்த வரியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் நாளில் தேடிப் படிக்க நேரம் இருக்காது.

அவர் முதலில் ஒரு ஜன்னலில் மட்டும் சோதித்திருந்தால், அந்த ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பதோடு கதை முடிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாத்தின் ஓரத்திலோ நடுவிலோ இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே எதுவும் இல்லாமல் விட்டால், ‘இப்போது நிற்கும் ஃபோல்டர்’ என்று ஷெல் எடுத்துக்கொள்ளும். தெரியாதவர் தந்த ஃபோல்டருக்குள் போய் எல்எஸ் அடித்தால், அதே பெயரில் அங்கே ஒளித்து வைத்த நிரல் ஓடக்கூடும். வரியை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

6. சரிபார்ப்பு

மூன்று கட்டளைகள் போதும், வரிசை முக்கியம்.

முதலில் பிரிண்ட்இஎன்வி ஜாவா_ஹோம். பெயருக்கு முன் டாலர் குறி வேண்டாம். எக்கோவை விட இதை நான் நம்புகிறேன். எக்ஸ்போர்ட் செய்யாத மாறியையும் எக்கோ காட்டிவிடும், இது காட்டாது. இங்கே எதுவும் வராவிட்டால் எக்ஸ்போர்ட் விட்டுப்போயிருக்கிறது.

இரண்டாவது டைப் -ஏ ஜாவா. பாத்தில் உள்ள எல்லா ஜாவாவையும் வரிசையாகக் காட்டும். முதல் வரியில் உங்கள் ஆப்ஸ் ஃபோல்டர் வர வேண்டும்.

மூன்றாவது எம்விஎன் -வெர்ஷன். மேவன் தன் பதிப்பையும், எந்த ஃபோல்டரில் உள்ள ஜாவாவைப் பயன்படுத்துகிறது என்பதையும் சேர்த்தே சொல்லும். அந்தப் பாதையை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இரண்டு ஜாவா உள்ள கணினியில், இரண்டாம் சோதனை ஒன்றையும் இது வேறொன்றையும் காட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாத் ஒரு வழி, ஜாவா_ஹோம் இன்னொரு வழி என்று போனால் அப்படித்தான் ஆகும்.

7. இப்போது கோப்பில் எழுதுங்கள்

மேக்கின் இசட்ஷெல்லுக்கு, வீட்டு ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் இசட்எஸ்எச்ஆர்சி. உபுண்டுவின் பேஷுக்கு, அதே இடத்தில் புள்ளி பேஷ்ஆர்சி. புள்ளியில் தொடங்குவதால் சாதாரண எல்எஸ்ஸில் தெரியாது, எல்எஸ் -ஏ வேண்டும். மேக்கில் அந்தக் கோப்பு இன்னும் பிறந்திருக்காமலும் இருக்கலாம், அப்போது நீங்களே உருவாக்கலாம்.

இசட்ஷெல்லில் புள்ளி இசட்எஸ்எச்இஎன்வி என்று இன்னொரு கோப்பும் உண்டு. மேக்கில் பாத்தை அங்கே எழுதாதீர்கள். அதற்குப் பிறகு ஓடும் கணினியின் சொந்த அமைப்பு, தன் ஃபோல்டர்களை முன்னால் தள்ளி உங்களுடையதைப் பின்னுக்கு அனுப்பிவிடும்.

உபுண்டுவில் இருப்பவர்கள் பேஷ்_ப்ரொஃபைல் என்ற கோப்பைப் புதிதாக உருவாக்காதீர்கள். பழைய மேக் குறிப்புகளைப் படித்துவிட்டு இதைச் செய்பவர்கள் ஏராளம். அந்தக் கோப்பு இருந்தால் லாகின் ஷெல், ப்ரொஃபைல் கோப்பைப் படிக்காது. பேஷ்ஆர்சியை அழைப்பதோ அந்த ப்ரொஃபைல்தான். நேற்றுவரை இருந்த நிறமும் சுருக்கப் பெயர்களும் திடீரென்று காணாமல் போகும்.

எழுதும் முன் சிபி கட்டளையால் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து வையுங்கள். பிறகு நானோவில் திறந்து, கோப்பின் அடியில், நான்காம் ஐந்தாம் படிகளில் சோதித்த அதே இரண்டு வரிகளை எழுதுங்கள். ஜாவா_ஹோம் வரி மேலே, பாத் வரி கீழே. மாற்றி எழுதினால் பாத் வரி படிக்கப்படும் நேரத்தில் ஜாவா_ஹோம் காலியாக இருக்கும், அது ‘/பின்’ என்று மட்டும் ஆகிவிடும். பிழைச் செய்தியே வராது, அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சேமித்த பிறகு பழைய ஜன்னலை மூடாமல் புது ஜன்னல் திறந்து ஆறாம் படியை மறுபடி செய்யுங்கள். ஏதாவது கெட்டிருந்தால் திருத்துவதற்குப் பழைய ஜன்னல் நல்ல நிலையில் காத்திருக்கும்.

பழைய ஜன்னலிலேயே புது வரிகள் வேண்டும் என்றால் சோர்ஸ் கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுங்கள். கோப்பைச் சாதாரண நிரல்போல் ஓட்டினால் பயன் இல்லை. அது ஒரு குழந்தை ஷெல்லில் ஓடி, மாறிகளை அங்கே அமைத்துவிட்டு, அதோடு முடிந்துபோகும். மூன்றாம் படியில் பார்த்ததேதான்.

நிரல் எழுதும் எடிட்டரை முழுவதுமாக மூடித் திறங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலிக்குப் புது மாறி போய்ச் சேராது, அதற்குள் திறக்கும் டெர்மினலுக்கும் சில நேரம் பழைய மாறிகளே வரும்.

8. நிறுவி சூடோ கேட்டால்

சூடோ என்பது நிர்வாகி அதிகாரத்தோடு ஒரு கட்டளையை ஓட்டும் வழி. முதலில் உண்மையிலேயே அது வேண்டுமா என்று பாருங்கள். வீட்டு ஃபோல்டருக்குள் நிறுவ அது தேவையில்லை. கல்லூரியின் பகிர்வுக் கணினிகளில் உங்களுக்கு அது கிடைக்கவும் கிடைக்காது.

வேண்டியே ஆக வேண்டும் என்றால், சூடோ உங்கள் மாறிகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டுத்தான் நிரலைத் தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள். அது பாதுகாப்புக்காக. தேவையான ஒன்றை மட்டும் கையோடு கொடுங்கள்:

சூடோ இஎன்வி ஜாவா_ஹோம்="$ஜாவா_ஹோம்" ./இன்ஸ்டால்.எஸ்எச்

டாலர் குறியுள்ள பகுதியை உங்கள் ஷெல் முதலிலேயே விரித்துவிடுவதால் மதிப்பு அப்படியே அந்தப் பக்கம் போகும். சூடோவுக்கு ‘-இ’யைப் பெரிய எழுத்தில் சேர்த்து எல்லாவற்றையும் கடத்தும் வழியும் உண்டு. நிர்வாகி அதைத் தடுத்திருக்கலாம், தடுக்காவிட்டாலும் தேவைக்கு மேல் கொடுப்பது நல்லதல்ல.

9. அலுவலக ப்ராக்ஸிக்குள் இருந்தால்

ஷென்டன் வேயில் வேலை செய்யும் ஒருவருக்கு அலுவலகத்தில் எதுவும் இறங்கவில்லை, வீட்டில் எல்லாம் இறங்கியது. இன்னொருவருக்கு நேர்மாறு. முதலாமவர் ப்ராக்ஸி மாறியை, அதாவது இணையத்துக்குப் போகும் வழியில் நிற்கும் அலுவலக இடைக்கணினியின் முகவரியை, அமைக்கவில்லை, இரண்டாமவர் அமைத்துக் கோப்பிலும் எழுதிவிட்டார். ப்ராக்ஸியைக் கோப்பில் எழுதாதீர்கள். அந்த ஜன்னலுக்கு மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

எச்டிடிபி_ப்ராக்ஸி, எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி இரண்டையும் சிறிய எழுத்தில் அமையுங்கள். முதலாவதை, இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் கர்ல் கட்டளை சிறிய எழுத்தில் மட்டுமே ஏற்கும். ப்ராக்ஸி வழியாகப் போகக் கூடாத முகவரிகளுக்கான நோ_ப்ராக்ஸியில், உங்கள் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1 இரண்டையும் காற்புள்ளியால் பிரித்துச் சேர்த்துவிடுங்கள். கடவுச்சொல்லில் @ இருந்தால் அந்த இடத்தில் %40 என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் கடவுச்சொல் எங்கே முடிகிறது என்று நிரலுக்குப் புரியாது.

மேவன் இந்த மாறிகளைக் கண்டுகொள்ளாது. அதன் செட்டிங்ஸ் கோப்பில் ப்ராக்ஸியைத் தனியாக எழுத வேண்டும்.

10. ரகசியச் சாவிகள்

சில நிறுவல்கள் ஒரு டோக்கன் கேட்கும், அதாவது கடவுச்சொல்போன்ற ஒரு ரகசியச் சாவி. அதை எக்ஸ்போர்ட் வரியில் நேரடியாக அடித்தால் கட்டளை வரலாற்றுக் கோப்பில் பதிந்துவிடும். பேஷ்ஆர்சியில் எழுதினால், ஒருநாள் உங்கள் அமைப்புக் கோப்புகளைப் பொதுவெளியில் பகிரும்போது சாவியும் கூடவே போகும்.

அதற்குப் பதில் ரீட் -ஆர்எஸ் டோக்கன் என்று அடியுங்கள். திரையில் எதுவும் தெரியாமல் காத்திருக்கும். சாவியை ஒட்டி என்டர் தட்டுங்கள். அப்புறம் எக்ஸ்போர்ட் டோக்கன். நிரல் வேறு பெயரை எதிர்பார்த்தால் இரண்டு இடத்திலும் அந்தப் பெயரைப் போடுங்கள். வேலை முடிந்ததும் அன்செட்.

11. எல்லாம் செய்தும் வரவில்லை என்றால்

புது ஜன்னல் திறந்து பிரிண்ட்இஎன்வி ஜாவா_ஹோம் அடியுங்கள். எதுவும் வராவிட்டால் தவறான கோப்பில் எழுதியிருக்கிறீர்கள், இரண்டாம் படிக்குப் போய் ஷெல்லைப் பாருங்கள்.

மதிப்பு வந்தும் நிரல் ஓடவில்லை என்றால் எல்எஸ் -எல் "$ஜாவா_ஹோம்/பின்" அடித்து ஜாவா என்ற கோப்பு அங்கே இருக்கிறதா, ஓட்டும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வரியின் தொடக்கத்தில் எக்ஸ் என்ற எழுத்து தெரிய வேண்டும். அதுவும் சரி என்றால் சிப் வகையைச் சந்தேகியுங்கள்.

டெர்மினலில் ஓடுகிறது, ஐகானை அழுத்தித் திறந்த செயலியில் ஓடவில்லை என்றால், அந்தச் செயலி உங்கள் ஷெல்லிலிருந்து பிறக்கவில்லை. சில எடிட்டர்கள் தாங்களே ஷெல்லிடம் கேட்டு மாறிகளை எடுத்துக்கொள்ளும், பல செயலிகள் எடுத்துக்கொள்வதில்லை. டெர்மினலிலிருந்தே அதைத் தொடங்கிப் பாருங்கள். இரவில் தானாக ஓடும் கிரான் வேலைகளும் அப்படித்தான், உங்கள் பேஷ்ஆர்சியைப் படிக்காது. அந்த நிரலின் தலைப்பிலேயே எக்ஸ்போர்ட் வரிகளை எழுதிவிடுங்கள்.

விண்டோஸின் சொந்தக் கட்டளைத் திரையில் செட்எக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது 1,024 எழுத்துக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். நீளமான பாத்தை அதன் வழியாக எழுதினால் வாலில் உள்ள ஃபோல்டர்கள் போய்விடும். அங்கே பாத்தைத் திருத்த, அமைப்புகளில் உள்ள சூழல் மாறிகள் ஜன்னலைத் திறந்து ஒவ்வொரு வரியாகச் சேருங்கள்.